எதிர் நாற்காலிக்கு ஒரு காப்பி: டான்யா லூர்மனின் புத்தகம் பற்றி

அமெரிக்கச் சபை ஒன்றில் போதகர் விசுவாசிகளுக்கு ஒரு யோசனை சொல்கிறார். காலையில் காப்பி போடும்போது ரெண்டு கோப்பையா போடுங்க. ஒன்று உங்களுக்கு. இன்னொன்றை எதிரில் இருக்கும் காலி நாற்காலிக்கு முன்னால் வையுங்க. பிறகு கடவுளோடு உட்கார்ந்து பேசுங்க, மனசுல என்ன இருக்கோ அதை.

சிரிப்பு வருதா? டான்யா லூர்மனுக்கு வரவில்லை. அதனால்தான் அவர் எழுதிய ‘வென் காட் டாக்ஸ் பேக்’ (2012) இன்றும் படிக்கத் தகுந்த புத்தகமாக இருக்கிறது. தலைப்பைத் தமிழில் ‘கடவுள் பதில் பேசும்போது’ என்று வைத்துக்கொள்ளலாம். கடவுளோடு நெருங்கிய தனிப்பட்ட உறவு இருக்கிறது என்று நம்பும் கிறிஸ்தவர்களுக்குள் என்ன நடக்கிறது, அந்த உறவு அவர்களை எப்படி மாற்றுகிறது என்பதுதான் அதன் கேள்வி. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்கிற பஞ்சாயத்துக்குள் அவர் போகவில்லை. ஒரு மானுடவியலாளரின் கருவிகளால் அதைத் தீர்க்க முடியாது என்று ஆரம்பத்திலேயே ஒதுங்கிக்கொள்கிறார்.

பாதிக்கு மேல் எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம் இது. மீதியில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாகப் படுகிறது. ரெண்டையும் எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஆள் யாருன்னு பார்த்துடலாம். லூர்மன் ஸ்டான்ஃபோர்டில் மானுடவியல் பேராசிரியர். அப்பா மனநல மருத்துவர், தாய்வழித் தாத்தா பாப்டிஸ்ட் போதகர். இந்த ரெண்டு பேரும் அவருடைய எல்லாப் புத்தகங்களிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருப்பதாக எனக்குத் தோன்றும். 1980களில் முனைவர் ஆய்வுக்காக லண்டனில் மாந்திரீகம் பழகும் படித்த நடுத்தர வர்க்கத்தாரோடு இருந்தார். அவர்கள் செய்த மனப்பயிற்சிகளைத் தானும் செய்தார். ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது ஜன்னலருகே பழங்கால துருயிதுப் பூசாரிகள் ஆறு பேர் நிற்பதைப் பார்த்தாராம். கனவில்லை, கண்ணால் பார்த்தது. சில நொடிகளில் மறைந்துவிட்டார்கள். முந்தின நாட்களில் அந்தக் காலத்தைப் பற்றிய ஒரு நாவலில் மூழ்கிக் கிடந்திருக்கிறார். ‘எனக்குப் பைத்தியமில்லை, ஆனால் பார்த்தேன். அப்படின்னா பயிற்சி மனசை மாத்துதா?’ அடுத்த முப்பது வருஷ வேலைக்கும் விதை இதுதான். இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அவர் ஆராய்ந்தது வின்யார்டு என்ற சபைக் குழுமத்தை. 1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக இயேசு பக்கம் திரும்பினார்கள். அந்த அலையில் முளைத்த சபைகளில் ஒன்று இது. 1974இல் ஆரம்பம். 1982க்குப் பிறகு ஜான் விம்பர் தலைமையில் வளர்ந்தது. விம்பர் முன்பு ராக் இசைக் குழுக்களோடு வேலை செய்தவர். கடவுளைப் ‘பற்றி’ப் பாடாமல் கடவுளைப் ‘பார்த்து’ப் பாடும் பாட்டுகள், ஜீன்ஸ் போட்ட போதகர், வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம். சிகாகோவில் ரெண்டு வருஷம், வட கலிபோர்னியாவில் ரெண்டு வருஷத்துக்கு மேல் என்று இவர்களோடு உட்கார்ந்தார், பாடினார், ஜெபித்தார், பேட்டி எடுத்தார்.

புத்தகத்தின் உயிர் இருப்பது கடவுளின் குரலைக் கேட்கக் கற்றுக்கொள்ளும் பகுதிகளில். புதிதாகச் சபைக்கு வருகிறவருக்குக் கடவுள் பேசுவது கேட்பதில்லை. ‘எனக்கு மட்டும் ஏன் கேக்கல?’ என்று குழம்புகிறார். பழையவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். உன் மனசில் ஓடும் எண்ணம் எல்லாமே உன்னுடையது என்று நினைக்காதே. சிலது வெளியிலிருந்து வருவது. எது அப்படி வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுக்கும் வழி இருக்கு. நீயாக நினைக்கக்கூடிய விஷயமா, சம்பந்தமில்லாமல் திடீரென்று வந்ததா? வேதாகமம் காட்டும் கடவுளின் குணத்தோடு ஒத்துப்போகிறதா? அதே விஷயத்துக்காக ஜெபிக்கும் இன்னொருவருக்கும் அப்படியே தோன்றியதா? கடைசியாக, அது மனசுக்குச் சமாதானம் தருகிறதா? இந்தச் சோதனைகளில் தேறினால் கடவுள் பேசியிருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதை அவர்களே அழுத்திச் சொல்கிறார்கள்.

இதை ‘மனம்’ பற்றிய புதிய கோட்பாட்டைக் கற்றுக்கொள்வது என்கிறார் லூர்மன். படித்த அமெரிக்கர்களுக்கு மனம் என்பது சுவர் வைத்த வீடு. உள்ளே நடப்பது என் சொந்த விஷயம், வெளியாள் வர முடியாது. வின்யார்டு அந்தச் சுவரில் ஒரே ஒரு கதவு வைக்கக் கற்றுக்கொடுக்கிறது. அந்தக் கதவு வழியாகக் கடவுள் மட்டும் வரலாம். (சாத்தானும் வரலாம், ஆனால் இந்தச் சபைகளில் அவருக்கு அவ்வளவு வேலையில்லை.)

இன்னொரு பக்கம் விளையாட்டு. காப்பிக் கோப்பை ஒன்று. இன்று என்ன சட்டை போடட்டும் என்று கடவுளைக் கேட்பது இன்னொன்று. சில பெண்கள் வாரத்தில் ஒரு மாலையை இயேசுவோடு தனியாகச் செலவிட ஒதுக்குகிறார்கள், காதலனோடு வெளியே போவதுபோல. பூங்காவில் உட்கார்ந்து அவர் தோளில் கை போட்டிருப்பதாகக் கற்பனை செய்கிறார்கள். இது பாவனை என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். இங்கேதான் லூர்மனின் கூர்மையான கவனிப்பு. சந்தேகம் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கும் சமூகத்தில் நம்பிக்கை என்பது ‘ஏற்றுக்கொண்டேன், முடிந்தது’ என்று இருக்க முடியாது. தினமும் உழைத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. குழந்தை பொம்மையோடு பேசும்போது அது உயிரில்லாதது என்று தெரிந்துகொண்டே உயிரோடு பேசுவதுபோல, இந்த விசுவாசிகள் ரெண்டு தளத்திலும் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். வேறுபாடு ஒன்றுதான். குழந்தை வளர்ந்ததும் பொம்மையை விட்டுவிடும். இவர்களுக்கோ, பாவனை செய்யச் செய்ய எதிரில் இருப்பவர் மேலும் மேலும் நிஜமாகிறார்.

விசுவாசிகளை ஏமாளிகளாகப் பார்க்கும் நாத்திகப் புத்தகங்களும் சரி, ‘தேவன் என்னைத் தொட்டார், எல்லாம் மாறிடுச்சு’ என்று ஒரே வரியில் முடிக்கும் சாட்சிப் புத்தகங்களும் சரி, இந்த உழைப்பைக் காட்டுவதே இல்லை.

இந்த உழைப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. இதையும் அவர் அளந்து பார்க்கிறார். மனித மனம் கற்பனையில் எவ்வளவு எளிதாக மூழ்கும் என்பதை அளக்க 1974இல் டெல்லிகன், அட்கின்சன் என்ற உளவியலாளர்கள் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 34 கேள்விகள். சூரிய அஸ்தமனத்தில் உங்களை மறந்துபோவீர்களா, பழைய நினைவு மறுபடியும் நடப்பதுபோல் வருமா என்கிற மாதிரி. மதம் பற்றி எதுவும் கேட்காத இந்தத் தாளில் அதிக மதிப்பெண் எடுத்தவர்கள்தான் கடவுளை ஓர் ஆளாக உணர்வதாகவும், சில சமயம் காதாலேயே கேட்டதாகவும் அதிகம் சொன்னார்கள். அதோடு, எவ்வளவு நேரம் ஜெபிக்கிறார்கள் என்பதும் வித்தியாசத்தை உண்டாக்கியது. இயல்பும் வேணும், பயிற்சியும் வேணும், சங்கீதம் மாதிரிதான்.

அடுத்து ஒரு சோதனை. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்களை மூன்று குழுவாகக் குலுக்கிப் பிரித்தார். ஒரு குழு சுவிசேஷக் காட்சிகளைக் கண்முன் கொண்டுவந்து, அதற்குள் நின்று ஜெபிக்க வேண்டும். இரண்டாவது குழு எதையும் கற்பனை செய்யாமல் மனசை அடக்கும் ஜெபம். மூன்றாவது குழு சுவிசேஷங்கள் பற்றிய விரிவுரைகளைக் கேட்க வேண்டும். எல்லாருக்கும் ஐபாட். தினமும் அரை மணி, வாரத்தில் ஆறு நாள், ஒரு மாதம். முடிவில் கற்பனை ஜெபம் செய்தவர்களின் மனப்படங்கள் கூர்மையாகியிருந்தன. யாரோ இருப்பது போன்ற உணர்வு, குரல் கேட்டது மாதிரியான அனுபவங்களையும் அவர்கள் அதிகம் சொன்னார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் லொயோலா இக்னேசியஸ் எழுதிவைத்த ஆன்மிகப் பயிற்சிகளுக்கு ஐபாட் வைத்து ஒரு பரிசோதனைன்னு நினைக்கும்போதே எனக்குச் சந்தோஷமா இருந்தது. ஆனா ஒரு கேள்வி. சோதனைக்கு வந்தவர்கள் ஏற்கெனவே கடவுளோடு நெருக்கம் வேணும்னு ஏங்குகிறவர்கள். கற்பனை ஜெபம் கிடைத்தவர் ‘நமக்கு ஏதோ நடக்கப்போகுது’ என்று எதிர்பார்த்திருப்பார். விரிவுரை கிடைத்தவர் ‘சரி, நமக்குப் பாடம்தான்’ என்று அமர்ந்திருப்பார். பலனில் எவ்வளவு பயிற்சிக்கு, எவ்வளவு எதிர்பார்ப்புக்கு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் எதிர்பார்ப்பும் அவர் சொல்லும் பயிற்சியின் ஒரு பகுதிதானே என்று லூர்மன் தரப்பில் பதில் சொல்லலாம். சொல்லட்டும்.

எனக்கு உண்மையான சிக்கல் வேறிடத்தில். ‘மாற்றம்’ என்று அவர் எதைச் சொல்கிறார்?

அழுவது, தன்னைக் கடவுளின் கண்ணால் பார்ப்பது, அப்பாவின் மேல் இருந்த பயத்தைக் கடவுள் என்ற அப்பாவை வைத்து ஆற்றிக்கொள்வது. இப்படி உணர்ச்சிகளைப் பழக்கும் வழிகளை ஓர் அத்தியாயம் முழுக்க அடுக்குகிறார். கடவுள் இங்கே கிட்டத்தட்ட ஒரு மனநல ஆலோசகர், இருபத்து நாலு மணி நேரமும் கிடைப்பவர், கட்டணம் கிடையாது. கடவுளின் அன்பை நேரடியாக உணர்வதாகச் சொன்னவர்களிடம் தனிமையும் மன அழுத்தமும் குறைவாக இருந்ததையும் காட்டுகிறார். சின்ன விஷயமில்லை. தனிமை ஆளைத் தின்னும். ராத்திரி ரெண்டு மணிக்குப் பேச ஒருத்தர் இருக்கார் என்கிற நிச்சயம் ஒரு மனுஷனை உயிரோடு வைத்திருக்கும்.

ஆனால் இந்தக் கடவுள் கோபப்படுவதே இல்லை. நீ செய்தது தப்பு, போய் அவரிடம் மன்னிப்புக் கேள் என்று காதைத் திருகும் கடவுள் இந்தப் பக்கங்களில் எவ்வளவு அபூர்வம்! நம் ஊர்ப் பக்திக் கதை தெரிந்தவர்களுக்குக் கடவுளை நண்பனாக வைத்துக்கொள்வது புதிதில்லை. சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்றே பேர். காதல் தூது போகச் சொல்லிச் சிவனை பரவை வீட்டுக்கு நடக்க வைத்தவர். ஆனால் அதே நண்பன்தான், சங்கிலிக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதற்காகச் சுந்தரரின் கண்ணைப் பறித்தான். பெரியபுராணத்தின் நட்பில் அப்படி ஒரு விலை உண்டு. வின்யார்டு நட்பில் அது எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. சபையில் அது இல்லையா, அல்லது லூர்மனின் கண்ணில் படவில்லையா? அவர் பழகியது பெரும்பாலும் பல்கலைக்கழகம் சார்ந்த ஊர்களின் படித்த நடுத்தர வர்க்கத்தோடு. வாடகை கட்ட வழியில்லாத ஒரு கறுப்பினப் பெந்தெகொஸ்தே குடும்பத்தின் கடவுளிடம் சட்டை நிறம் பற்றிய பேச்சு வருமா?

இந்த இடத்தில் எனக்கு 1746இல் வந்த ஒரு புத்தகம் ஞாபகம் வருகிறது. மாசசூசெட்ஸ் மாகாணத்து நார்தாம்டன் ஊரின் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் எழுதிய ‘ரிலிஜியஸ் அஃபெக்‌ஷன்ஸ்’. அப்போது நியூ இங்கிலாந்து முழுக்க எழுப்புதல் கூட்டங்கள். ஜனங்கள் அழுதார்கள், விழுந்தார்கள், தரிசனம் கண்டார்கள். எட்வர்ட்ஸ் அந்த எழுப்புதலை ஆதரித்தவர். ஆனாலும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டார். உணர்ச்சி பலமாக இருப்பது, உடம்பு நடுங்குவது, வேத வசனம் திடீரென்று மனசில் உதிப்பது, தான் இரட்சிக்கப்பட்டேன் என்ற நிச்சயம் இருப்பது. இப்படிப் பன்னிரண்டு விஷயங்கள் எதையும் நிரூபிப்பதில்லை என்றார். அவை கடவுளிடமிருந்து வந்ததற்கும் அத்தாட்சியில்லை, வராததற்கும் அத்தாட்சியில்லை. பிறகு உண்மையான அடையாளங்கள் பன்னிரண்டு. அதில் கடைசியாக வருவதும், அவர் அதிகப் பக்கம் செலவழித்ததும் நடத்தை. ஆள் வருஷக்கணக்கில் எப்படி வாழ்கிறான் என்பது.

இப்போது லூர்மனை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அவர் கவனமாக அளந்தவற்றில் பெரும்பாலானவை எட்வர்ட்ஸின் முதல் பட்டியலில் வருகிறவை. மனப்படம் எவ்வளவு கூர்மை, குரல் எத்தனை தடவை கேட்டது, நெருக்கம் எவ்வளவு. அந்த ஐபாட் மாதத்துக்குப் பிறகு யாராவது தம்பியோடு இருந்த பழைய சண்டையை முடித்துக்கொண்டாரா, வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சம்பளம் கூட்டினாரா என்பது அந்தச் சோதனையின் மையக் கேள்வி அல்ல. மானுடவியலாளர் வேலை அது இல்லைன்னு சொல்லலாம். ஆனால் விசுவாசிகளின் சொந்த மரபே ‘கனியினால் மரத்தை அறி’ என்று சொல்லும்போது, கனியை விட்டுவிட்டு வேர் எப்படி இறங்குகிறது என்று மட்டும் காட்டினால் பாதிக் கதைதான். இந்தச் சபைக்காரர்கள் அண்டை வீட்டாரோடு, ஓட்டுச் சாவடியில், ஏழைகளோடு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது புத்தகத்தில் ஓரமாகத்தான் வருகிறது. 2012இல் அமெரிக்க இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களைப் பற்றி நாலு நூறு பக்கத்துக்கு மேல் எழுதி, அரசியலை இவ்வளவு தள்ளி வைப்பது கொஞ்சம் சொகுசு.

குரல் கேட்காதவர்கள் பற்றிய இடங்கள் எனக்கு வலித்தன. சபையில் சிலர் வருஷக்கணக்காக ஜெபித்தும் கடவுள் எதுவும் சொல்லவில்லை என்று தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்கிறார்கள். எல்லாரும் ‘நேத்து ராத்திரி அவர் என்கிட்ட சொன்னார்’ என்று பேசிக்கொள்ளும் அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள். லூர்மனின் கண்டுபிடிப்பை அவருக்குச் சொன்னால் என்ன ஆகும்? ‘உங்க விசுவாசத்தில் குறையில்லை, அந்த 34 கேள்வித்தாளில் உங்களுக்கு மார்க் கம்மி, அவ்வளவுதான்’ என்பது ஒரு வகையில் பெரிய ஆறுதல். இன்னொரு வகையில் பெரிய அடி. கடவுளின் நெருக்கம் பிறவி இயல்பைப் பொறுத்தது என்றால் அது எந்த ஊர் நியாயம்?

அன்னை தெரசாவை எடுத்துக்கோங்க. 1946 செப்டம்பர் 10, டார்ஜிலிங் போகும் ரயிலில் அழைப்பு வந்ததாகச் சொன்னவர். அதைத் தொடர்ந்த மாதங்களில் இயேசுவின் குரலை உள்ளுக்குள் கேட்டதாகத் தன் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். லூர்மனின் அளவுகோலில் முதல் வரிசை. 1950இல் சபை நிறுவப்பட்டது. ஆனால் கல்கத்தாச் சேரிகளில் வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்தே அந்தக் குரல் நின்றுவிட்டது. இடையில் சிறிது காலம் தவிர, 1997இல் சாகும்வரை உள்ளே இருட்டு. அவர் அழித்துவிடச் சொன்ன கடிதங்கள் 2007இல் ‘கம் பி மை லைட்’ என்ற புத்தகமாக வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அவருடைய இல்லங்களின் மருத்துவத் தரம் பற்றி வந்த விமரிசனங்கள் தனி. அவற்றை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான். உறவின் நெருக்கத்தை உணர்ந்த காலம் கொஞ்சம். அந்த உறவுக்காக அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போன காலம் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். இவரைக் கடவுள் மாற்றினார் என்றால், மாற்றியது உணர்ந்த நெருக்கமா, அது இல்லாமல் போன பிறகும் விடாத பிடியா?

லூர்மனிடம் இதுக்குப் பதில் கொஞ்சம் இருக்கு. ‘இருள்’ என்ற அத்தியாயத்தில், ஜெபம் பலிக்காத, கடவுள் காணாமல் போன விசுவாசிகளைப் பற்றி எழுதுகிறார். புத்தகத்திலேயே சிறந்த அத்தியாயம். துன்பம் ஏன் என்பதற்கு அவர்களிடம் விளக்கமே இல்லை என்பதைக் கவனிக்கிறார். விளக்கம் தேடுவதை விட்டுவிட்டு, கடவுள் கூட இருந்தால் போதும் என்று அவர்கள் கேள்வியையே மாற்றிக்கொள்கிறார்கள். நியாயம் கேட்கப் போனவர் ஆதரவு வாங்கிக்கொண்டு திரும்புவது மாதிரி. இது தத்துவமாகத் தேறுமா என்று கேட்டால் தேறாது. சாவு வீட்டில் யாருக்கும் தத்துவம் வேண்டியிருப்பதில்லை என்பதும் உண்மைதான்.

‘இவங்க எல்லாம் பைத்தியமா?’ என்பதற்கும் ஓர் அத்தியாயம். சுருக்கமா: இல்லை. விசுவாசிக்குக் கேட்கும் குரல் அபூர்வமானது, ஒன்றிரண்டு வார்த்தை, பயமுறுத்தாது. மனச்சிதைவு நோயாளிக்குக் கேட்பது ஓயாதது, நீளமானது, வதைப்பது.

இந்த இடத்திலிருந்துதான் லூர்மன் நம்ம ஊருக்கு வந்தார். கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது மனநோயாளிகளிடம் அவர்களுக்குக் கேட்கும் குரல்கள் பற்றிப் பேசி, சக ஆய்வாளர்களோடு 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் வன்முறையான, அந்நியக் குரல்கள். அக்ராவில் கடவுளின் குரல் முன்னால் நின்றது. சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்! குளி, சமை, வீட்டைப் பாரு என்று அதட்டும், வேலை வாங்கும் குரல்கள். படித்ததும் சிரிக்கவா அழவா தெரியவில்லை. இது நோயாளிகள் பற்றியது, விசுவாசிகள் பற்றியது அல்ல. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. ஆனால் ‘சுவர் வைத்த மனம்’ என்பது உலகம் முழுக்கப் பொதுவில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. 2021இல் அமெரிக்கா, கானா, தாய்லாந்து, சீனா, வனுவாட்டு ஆகிய ஐந்து நாடுகளில் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்விலும், மனத்துக்குக் கதவு உண்டு என்று நம்புகிறவர்களுக்கும் கற்பனையில் மூழ்குகிறவர்களுக்கும்தான் தெய்வ அனுபவம் அதிகம் என்று வந்தது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தாங்க. மழையில் ஆட்டோ கிடைக்காவிட்டால் ‘அப்பா, ஒரு ஆட்டோ அனுப்புங்கப்பா’ என்று நடுரோட்டில் சத்தமாகச் சொல்வாங்க. ஆட்டோ வந்தா ‘ஸ்தோத்திரம்’, வராட்டி நடை. அவங்களுக்கு யாரும் ‘பாவனை செய்யுங்க’ன்னு கற்றுக்கொடுத்த மாதிரி தெரியல. அப்பா இருக்கார், கேட்டாச்சு, அவ்வளவுதான். லூர்மனின் சிகாகோ விசுவாசி அவ்வளவு உழைத்துத் திறக்கும் கதவு இவங்க வீட்டில் எப்பவும் திறந்தே கிடக்கிறது. ஆகவே, அமெரிக்கப் புத்தகம் விவரிக்கும் இந்த உழைப்பு கடவுளோடான உறவுக்கே உரிய உழைப்பா, இல்லை சந்தேகத்தோடு வாழும் ஒரு வர்க்கத்துக்கு மட்டும் தேவைப்படும் உழைப்பா என்ற கேள்வி வருகிறது. இரண்டாவதுதான் என்பது என் ஊகம். 2020இல் வந்த ‘ஹவ் காட் பிகம்ஸ் ரியல்’ புத்தகத்தில் லூர்மன் எல்லா மதத்துக்கும் இதைப் பொதுவாக்கப் பார்க்கிறார்: தெய்வம் நிஜமாக இருக்க எங்கேயும் மனிதர்கள் உழைக்க வேண்டும் என்று. வாதம் அழகாக இருக்கிறது. அந்த அக்காவை அதற்குள் உட்கார வைக்கத்தான் எனக்கு முடியவில்லை.

லூர்மன் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அந்த வருஷங்களில் கடவுள் என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்றை அறிந்ததாகவும், சபைகளில் உட்கார்ந்து அழுததாகவும் மறைக்காமல் எழுதுகிறார். நாத்திக நண்பர்கள் சிலருக்கு இது உறுத்துகிறது. எனக்கு அப்படியில்லை. நாலு வருஷம் ஒரு பயிற்சியைச் செய்துவிட்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியிருந்தால், அவருடைய கோட்பாட்டையே சந்தேகப்பட்டிருப்பேன்.

புத்தகம் தடிமன். முழுசா படிக்க நேரமில்லாதவங்க ‘இருள்’ அத்தியாயத்தையும், அதற்கு முன்னால் பைத்தியமா என்று கேட்கும் அத்தியாயத்தையும் மட்டும் படிங்க. வின்யார்டு வரலாறு வேணும்னா முதல் அத்தியாயம். எட்வர்ட்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. அந்தப் பழைய ஆங்கிலத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.